கடன் தருபவருக்கே முதல் அனுமதிப்பத்திரம்

நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டுக்கடன் என்ற பேச்சு எழுந்தால், அடுத்து வரும் கேள்வி “உறுதி இருக்கிறதா?” என்பதுதான். லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவரிடம் அந்தக் காகிதம் இல்லை. ஆகவே காணி உரிமை மலையகத்தின் முதன்மைக் கோரிக்கையாக நிற்பது முற்றிலும் நியாயம். ஆனால் உறுதி கைக்கு வரும் நாளில் இன்னொரு கேள்வியும் வாசலுக்கு வந்துவிடும். அந்த உறுதியை வாங்கி வைத்துக்கொண்டு பணம் தருபவர் யார்? அந்தத் தொழிலைச் செய்ய அவருக்கு அனுமதி கொடுத்தது யார்? அவர் பொய் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? இந்தக் கேள்விகள் மலையகத்துக்குப் புதியவை அல்ல. கடன்காரனுக்கும் கடன்பட்டவனுக்கும் நடுவில் நிற்கும் மனிதரை அரசு கட்டுப்படுத்திய ஒவ்வொரு தடவையும், ஒரு தலைமுறை கெட்டுப்போன பிறகே அதைச் செய்தது என்பதற்கு மலையக வரலாற்றில் சான்று நிறைய உண்டு. இந்த முறையாவது அனுமதிப்பத்திர விதி முந்தி வர வேண்டும், உறுதி அதன் கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1840 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். அந்த ஒரே ஆண்டில் இலங்கையில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் நிறைவேறின. 12 ஆம் இலக்கச் சட்டம், உரித்தை நிறுவ முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கியது. மலைநாட்டுக் காடுகள் காப்பித் தோட்டக்காரர் கைக்குப் போக அது பாதை போட்டது. 7 ஆம் இலக்கச் சட்டம், அசையாச் சொத்தை விற்பதும் ஈடுவைப்பதும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடந்தால்தான் செல்லுபடியாகும் என்றது. மோசடியைத் தடுப்பதற்கென்றே வந்த சட்டம் அது. வீட்டுக்கடன் தொழிலில் இருப்பவருக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று இன்று பல நாடுகள் சொல்கின்றன. இலங்கையில் அந்த எண்ணத்தின் முன்னோடி நொத்தாரிசு. அவர் அரசின் நியமனம் பெற்றவர், தான் எழுதிய உறுதிகளுக்குக் கணக்கு வைப்பவர், நெறி தவறினால் தொழிலையே இழப்பவர். காணி வாங்கிய துரைக்கு அந்தக் காணியும் கிடைத்தது, அதை ஈடுவைக்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு காவலும் கிடைத்தது. இவை இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை. நிலம் சந்தைக்கு வரும்போது நிலத்தின் மேல் கடன் கொடுக்கும் முறைக்கும் ஒழுங்கு வேண்டும் என்பது ஆட்சியாளருக்கு அன்றே தெரிந்திருந்தது.

அந்த ஒழுங்கின் மேல்தான் காப்பித் தோட்டங்கள் கடனில் வளர்ந்தன. இலை நோய் காப்பியை அழித்தபோது, தோட்டங்களை நம்பிப் பணம் கொடுத்திருந்த ஒரியண்டல் வங்கி 1884 மே மாதம் மூடப்பட்டது. கவர்னர் ஆர்தர் கோர்டன் அந்த வங்கியின் நாணயத் தாள்களுக்கு அரசையே பொறுப்பாக்கினார். ஈட்டுக் கடன் முறிந்தால் நாடே ஆட்டம் காணும் என்பதை உணர்ந்த அரசு அன்று விரைந்து செயற்பட்டது. அதே தோட்டங்களில் வேலை செய்தவர்களின் கடனைப் பற்றி அது அந்த வேகத்தைக் காட்டவில்லை.

தொழிலாளியின் கடன் அவர் கப்பலேறும் முன்பே தொடங்கிவிடும். ஊரில் சில்லறைக் கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, அரிசிக்கு என்று, தமிழகத்தில் ஆள் திரட்டித் தோட்டத்துக்கு அழைத்துவரும் கங்காணி கொடுத்த முன்பணம் அவர் பெயரில் ஏறும். அந்தப் பணம் கங்காணியுடையதும் அல்ல. தோட்டத்துரை கங்காணிக்குக் கொடுத்தார். துரைக்குக் கொழும்பு ஏஜென்சிக் கம்பனியும் வங்கியும் கொடுத்தன. செட்டியார்களின் பணமும் தோட்டப் பொருளாதாரத்தில் பல வழிகளில் ஓடியது. இந்தச் சங்கிலியின் மேற்கண்ணிகளில் எல்லாம் காகிதம் இருந்தது, கையெழுத்து இருந்தது, பெரும்பாலும் காணியே பிணையாக இருந்தது. கடைசிக் கண்ணியில் நின்றவரிடம் பிணையாக வைக்க எதுவும் இல்லை. ஆகவே அவரே பிணையானார்.

அதைச் செய்துமுடித்த கருவி துண்டு. துண்டு என்பது தோட்டத்துரை எழுதித் தரும் ஒரு சிறு தாள். இன்ன கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும், இவ்வளவு ரூபாய் கட்டப்பட்டால் இந்தத் தோட்டத்திலிருந்து விடுவிக்கப்படுவார்கள் என்பதே அதில் உள்ள செய்தி. கங்காணி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குப் போவார். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் ஒரு துரை தொகையைக் கட்டி, மேலும் கொஞ்சம் முன்பணமும் கொடுத்து, கூட்டத்தை எடுத்துக்கொள்வார். பழைய தோட்டத்தின் கணக்கு தீரும். புதிய தோட்டத்தின் கணக்கு கூடிய தொகையில் தொடங்கும். சட்டக் கண்ணோடு பார்த்தால் இது ஈட்டை ஒரு கடன்காரரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றும் காரியமே. வித்தியாசம், ஈடாகக் கைமாறியது காணி அல்ல, குடும்பங்கள். துண்டில் எழுதிய தொகை எப்படி வந்தது என்பதைக் கொழுந்து பறித்த பெண்ணோ கவ்வாத்து வெட்டிய ஆணோ பார்த்துச் சரிசொல்ல வழியே இல்லை. 1840 இன் சட்டம் ஒரு துண்டு நிலத்துக்குக் கேட்ட இரண்டு சாட்சிகளை இந்தத் தாளுக்கு யாரும் கேட்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகி ஆட்களுக்குப் போட்டி மூண்டதும் முன்பணத் தொகைகள் ஏறின. ஏறிய ஒவ்வொரு ரூபாயும் தொழிலாளியின் தலையில் எழுதப்பட்டது.

அரசுக்கு இது தெரியாமல் இருந்ததா? தெரியும். அது மட்டுமல்ல, வட்டிக்கடன் தொழிலில் எது நேர்மை என்பதும் அதற்குத் தெரியும். 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். வாக்குறுதிப் பத்திரத்தில் உண்மையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே பிடித்துக்கொண்ட வட்டி எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும் என்கிறது அது. அநியாயமான கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீண்டும் திறந்து பார்க்கலாம் என்கிறது. நல்ல சட்டம், இன்றும் பாராட்டத்தக்க சட்டம். ஆனால் தோட்டத்துக் கடன் வாக்குறுதிப் பத்திரத்தில் எழுதி நீதிமன்றத்துக்கு வரும் கடனாக இல்லை. அது முன்பணம் என்ற பெயரில் செக்றோல் கணக்கோடு கலந்து கிடந்தது. கொழும்பில் கடன்பட்ட குமாஸ்தாவைக் காத்த விதி மஸ்கெலியாவின் மலைச்சரிவுக்கு ஏறி வரவில்லை.

மாற்றம் வந்தது வெளியிலிருந்து கொடுத்த நெருக்குதலால். மார்ஜோரிபாங்ஸும் அகமது தம்பி மரக்காயரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் குடிபெயர்ந்த இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி 1917 இல் கொடுத்த அறிக்கை கங்காணி முறையையும் கடனையும் இந்திய அரசின் மேசைக்குக் கொண்டுபோனது. பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் தொழிற்சட்டப் பிரிவுகளையும் கடன் அடிமைத்தனத்தையும் எதிர்த்துப் பேசினார். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. அதன் இடத்தில் வந்தது பற்றுச்சீட்டு: வேலையை விட்டு விலகுகிறவருக்குக் கடனைக் காரணம் காட்டி மறுக்க முடியாத விடுவிப்புத் தாள். மலையக வரலாற்றின் பெரிய விடுதலைகளில் ஒன்று இது. அதற்குரிய இடம் நம் பாடநூல்களில் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

அதற்குப் பிறகுதான் அனுமதிப்பத்திரம் வந்தது. 1922 இன் இந்தியக் குடியகல்வுச் சட்டமும் இலங்கையின் 1923 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டமும் சேர்ந்து புது ஏற்பாட்டை அமைத்தன. ஆள் திரட்டப் புறப்படும் கங்காணி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். ஆட்களை அழைத்துவரும் செலவு தோட்டங்கள் கட்டும் பொது நிதியிலிருந்து போகும். அதைத் தொழிலாளியின் கணக்கில் எழுத முடியாது. இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் இருந்து பார்த்துக்கொள்வார். இடைநின்ற மனிதர் பெயரோடும் பொறுப்போடும் முதன்முறையாகச் சட்டத்தின் முன் நின்றார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவற்றது அல்ல. கங்காணி வெளியாள் இல்லை, அதே ஊர், பல சமயம் அதே சாதி, அதே உறவு. கலியாணத்துக்கும் சாவுக்கும் கையில் காசு வைத்தவர் அவர். வங்கி ஏறிட்டும் பார்க்காத ஏழைக்குக் கடன் கொடுத்த ஒரே ஆளைக் கட்டிப்போட்டால் ஏழைக்குக் கடனே கிடைக்காது என்பார்கள். கங்காணி கைகொடுத்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பெரிய கங்காணிக்குத் தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய கணக்குப்படி தலைக்காசு கிடைத்தது. ஆட்கள் விலகிப் போகாமல் இருப்பதில் அவருக்கு நேரடி வருமானம் இருந்தது. அவர்கள் விலகாமல் இருக்கச் சிறந்த வழி அவர்கள் கடனில் இருப்பதே. கடன் கொடுப்பவரின் நலனும் கடன்பட்டவரின் நலனும் இப்படி முட்டிக்கொள்ளும் இடத்தில் உறவுமுறை காவலாகாது. அனுமதிப்பத்திரம் வந்தால் தொழில் படுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் வரலாறே பதில் சொல்லிவிட்டது. 1923 க்குப் பின்னும் அந்தப் பத்தாண்டு முழுவதும் தமிழகத்திலிருந்து ஆட்கள் பெருமளவில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வரத்தை நிறுத்தியது அனுமதிப்பத்திரம் அல்ல, 1939 இல் இந்திய அரசு விதித்த தடை.

உடல் விடுபட்டது. ஆனால் விடுபட்டவரின் கையில் பிணையாக வைக்கத்தக்க எதையும் சட்டம் கொடுக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் கொழும்பில் எழுந்த நிறுவனங்களைப் பார்த்தால் இது தெளியும். 1931 இல் அரச ஈட்டு வங்கிக்குச் சட்டம் வந்தது, அது காணியுள்ளவருக்கு. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியானவருக்கு முடிக்குரிய காணியைப் பகிர்ந்தது. இலங்கையர் என்பவரை அது வரையறுத்த விதத்தில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் வெளியே நின்றார்கள். 1949 இல் மீண்டும் ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள். 3 ஆம் இலக்கம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். முந்திய ஆண்டு குடியுரிமை இழந்தவர்கள் ஆவணம் தேடி அலைந்தது இதன் கீழ்தான். 6 ஆம் இலக்கம், ஈட்டுச் சட்டம். ஈடு எப்படி வைப்பது, வழக்கு எப்படி நடத்துவது, எந்த வகை நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட கடன் நிறுவனம் ஆகும் என்று விரிவாக வகுத்தது. ஒரு சட்டத்தின் வாசலில் நாடற்றவராக நின்றவருக்கு மற்றச் சட்டத்தால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே அவருக்கு எஞ்சிய ஈடு நகை. அடகு பிடிப்போர் அனுமதி பெற வேண்டும் என்ற விதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்து, 1942 இல் புதிய கட்டளைச் சட்டமாயிற்று. அட்டனிலும் மஸ்கெலியாவிலும் தோட்டத்து மக்களுக்கு உண்மையில் பழக்கமான, அனுமதிபெற்ற கடன்காரர் என்றால் அது அடகுக்கடைக்காரரே. அடகுச் சீட்டில் பொருள், தொகை, வட்டி, கெடு நான்கும் இருக்கும். காதுத் தோட்டுக்கு இருந்த இந்தச் சிறு ஒழுங்கு, குடியிருந்த கூரைக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. கம்பனி தன் குத்தகை உரித்தை வங்கியில் ஈடுவைத்துக் கடன் வாங்க முடிகிறது. பல கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலேயே அது அச்சாகியிருக்கிறது. அந்தத் தோட்டத்தின் லயத்தில் இருப்பவர் தன் காம்பராவை வைத்து எதுவும் வாங்க முடிவதில்லை. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் காலத்தில் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடன் கொடுத்து வீடு கட்டியபோது, தவணை சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது; உறுதி கைக்கு வரவில்லை. ஊழியர் சேமலாப நிதியில் கிடக்கும் தொகையின் 75 வீதம் வரை பிணையாக்கி வீட்டுக்கடன் பெறும் வழியும் உண்டு. இவற்றின் பயனை மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் ஈடாக நிற்பது வீடு அல்ல. நாளைய சம்பளமும் முதுமைக்கான சேமிப்பும்தான். துண்டு போய் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தொழிலாளியின் உழைப்பே பிணையாக இருந்தது என்பதை நாம் கண்ணை மூடிக்கொண்டு கடக்கக் கூடாது.

இந்த இடைவெளியில் நுழைந்தவை நுண்கடன் கம்பனிகள். பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, வாராவாரம் வந்து வசூலிக்கும் முறை. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இக்கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் தரும் பொறுப்பை மத்திய வங்கியின் நிதிச் சபையிடம் கொடுத்தது. அனுமதி பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2021 இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சட்டம் வந்து ஐந்து ஆண்டு கழிந்த பின்பும் தெருவுக்கு வர வேண்டியிருந்தது என்றால், விதி பின்னால் ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி ஏழு பேர்ச்சஸ் காணிக்கு வருவோம். 2015 க்குப் பின் அந்த அளவில் தனிவீட்டுத் திட்டம் தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட் வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டோடு முழுமையான உறுதியும் ஒருநாள் எல்லாருக்கும் வந்து சேரும் என்றே எதிர்பார்க்கிறோம். அப்போது சிலர் ஒரு பழைய அச்சத்தைக் கிளப்புவார்கள்: உறுதி கொடுத்தால் இவர்கள் ஈடுவைத்து இழந்துவிடுவார்கள், ஆகவே கைமாற்ற முடியாத பத்திரமே போதும். காணி அபிவிருத்திச் சட்டம் இந்த வழியில்தான் போனது. மானியக் காணியைச் சட்டம் ஏற்ற வங்கி, கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றிடம் மட்டுமே ஈடுவைக்கலாம். விளைந்தது என்ன? குடியேற்றங்களில் மறைமுகக் குத்தகையும் எழுத்தில்லாத ஈடும் பெருகின. சட்டத்துக்கு வெளியே ஈடுவைத்தவருக்கு நீதிமன்றமும் கிடையாது, நொத்தாரிசும் கிடையாது. உரிமையாளரின் கையைக் கட்டுவதால் கடன்காரர் மறைந்துவிடுவதில்லை, இருட்டுக்குப் போகிறார். இழப்பு நேரும் என்ற அச்சம் மெய்யானதுதான். அதற்குக் கட்டவேண்டியது கடன் விற்பவரின் கையை.

அமெரிக்காவில் 2000 களின் நடுவில் வீட்டுக்கடன் முகவர்கள், திருப்பிக் கட்ட முடியாதவர்களிடமும் கடனைத் தலையில் கட்டித் தரகு வாங்கிக்கொண்டு போனார்கள். வீடுகள் பறிபோய்ப் பொருளாதாரம் சரியத் தொடங்கிய பிறகு, 2008 ஜூலை 30 அன்று ஒரு சட்டம் கையெழுத்தானது. ஒவ்வொரு மாநிலமும் வீட்டுக்கடன் முகவருக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்க வேண்டும். கைரேகை கொடுத்துப் பின்னணி சோதிக்கப்பட வேண்டும். 20 மணிநேரம் படித்து, தேர்வில் 75 வீதம் பெற வேண்டும். ஆண்டுதோறும் 8 மணிநேரம் மறுபடி படிக்க வேண்டும். தனிமனிதருக்கு ஓர் அடையாள எண். யார் வேண்டுமானாலும் அதை வைத்து அவருடைய பதிவைப் பார்க்கலாம். இந்த விதிகளில் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: கம்பனிக்கு மட்டும் அனுமதி போதாது, வாசலில் வந்து நின்று “கையெழுத்துப் போடுங்கள் அக்கா” என்று சொல்லும் அந்த மனிதருக்கும் அனுமதி வேண்டும். கங்காணியின் பெயரை எழுதிய 1923 இன் ஏற்பாடும் இதையே சொன்னது. இரண்டு நாடுகளிலும் பிழை ஒன்றே. விதி சேதத்துக்குப் பின்னால் வந்தது.

இப்படியெல்லாம் விதி போட்டால் சிறு கடன்காரர் ஒழிந்து பெரிய வங்கிகள் மட்டும் மிஞ்சும், சீட்டுப் போடும் பெண்களுக்கும் தொல்லை என்பது மற்றொரு மறுப்பு. ஏழு பேர்ச்சஸ் உறுதியைப் பிணையாக வாங்குகிறவருக்கு மட்டும் விதியை வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. தங்களுக்குள் சீட்டுப் பிடிப்பவர்கள் யாருடைய வீட்டையும் எழுதி வாங்குவதில்லை.

சிவனொளிபாத மலைப் பருவத்தில், மார்கழி முதல் வைகாசி வரை, நல்லதண்ணியில் யாத்திரிகர் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஓர் அறை கூடுதலாகக் கட்டினால், ஒரு தேநீர்க்கடை போட்டால் வருமானம் உண்டு என்பது அங்குள்ள எவருக்கும் தெரியும். உறுதி கிடைத்த மறுவாரமே கடன் விற்பவர்கள் மலையேறி வருவார்கள். ஆகவே மலையக மக்கள் பிரதிநிதிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்பது இதுதான். காணிச் சட்டமூலத்தோடு சேர்த்தே மூன்று விதிகளை வற்புறுத்துங்கள். தோட்டக் காணியை ஈடாக வாங்கும் நிறுவனமும் அதன் முகவரும் பெயர் சொல்லி அனுமதி பெற்றிருக்க வேண்டும். 1918 ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட விவரங்கள் அத்தனையும் தமிழில் எழுதி, கையெழுத்துக்கு முன் கொடுக்கப்பட வேண்டும். அனுமதியில்லாதவர் எழுதி வாங்கிய ஈடு செல்லாது என்று சட்டமே சொல்ல வேண்டும். கம்பனிகளின் குத்தகை 2045 இல் முடிகிறது. அதுவரை காத்திருக்கும் அவசியம் இதில் எதற்கும் இல்லை.